‘வருந்துகிறோம்’ என்று வரும் மெயில் உங்களைப் பற்றி எவ்வளவு சொல்கிறது?

இன்டர்வியூ முடிந்து இரண்டு மூன்று கிழமை காத்திருந்தால் வருகிற மெயில் எல்லாக் கம்பனியிலும் ஒரே அச்சில் வார்த்ததுதான். ஆர்வத்துக்கு நன்றி, தெரிவுசெய்ய முடியாமைக்கு வருந்துகிறோம், எதிர்கால முயற்சிகளுக்கு வாழ்த்துகள். பல இடங்களில் அதுகூட வராது. கொழும்பில் இதை வாங்கியவருக்கு மூன்று விளக்கங்கள் உடனே கிடைக்கும். மனசு சொல்வது: எனக்குத் தகுதி காணாது. வீட்டில் சொல்வது: குருமாற்றம் சரியில்லை, ஒரு அர்ச்சனை செய்விப்பம். நண்பன் சொல்வது: அங்கே முதலே ஆள் எடுத்தாச்சு, சும்மா பேருக்குக் கூப்பிட்டிருக்கினம்.

சில வேளை மூன்றில் ஒன்று சரியாகவும் இருக்கலாம். ஆனால் மூன்றுமே, தெரிவாகாததற்கு ஏதோ ஒரு காரணம் இருந்தே ஆகவேண்டும் என்று நம்புகின்றன. இன்டர்வியூ என்ற கருவி எப்படி அளக்கிறது என்று பார்த்தால் அந்த நம்பிக்கை ஆட்டம் காணும். அதிலும் கடைசிச் சுற்று வரை போய் விழுந்தவர்கள் விஷயத்தில், ‘ஏன் நான் இல்லை’ என்ற கேள்விக்குப் பல தடவை பதிலே கிடையாது.

அதிர்ஷ்டம் என்று எதைச் சொல்கிறோம்

கிரகத்தை விட்டுவிடுவோம். இங்கே அதிர்ஷ்டம் என்பது உங்கள் கையில் இல்லாதது, அந்த வேலையை நீங்கள் எவ்வளவு நன்றாகச் செய்வீர்கள் என்பதோடும் சம்பந்தப்படாதது, அப்படியிருந்தும் முடிவை மாற்றிவிடுவது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை. இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்காவிட்டால் பின்னால் குழப்பம் வரும்.

1. அன்றைக்கு மட்டும் உள்ளது. உங்களுக்கு முன்னால் உள்ளே போனவர் யார், எந்தக் கேள்வி விழுந்தது, குழுவில் இருந்தவர் மத்தியானம் சாப்பிட்டாரா இல்லையா. அடுத்த இன்டர்வியூவில் இது மாறிவிடும். பல தடவை போனால் நல்லதும் கெட்டதுமாக ஓரளவு சமப்படும்.

2. கூடவே வருவது. பெயர், பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், வீட்டில் பேசிய மொழி, எந்த வருடம் கெம்பஸ் முடித்தீர்கள் என்பது. இது ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கத்துக்கே தள்ளும். நூறு தடவை போனாலும் சமப்படாது.

தராசு எவ்வளவு பிழை விடும்

ஒரு இன்டர்வியூவில் கிடைக்கும் புள்ளியும், அந்த ஆள் பிற்பாடு வேலையில் காட்டும் திறமையும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று பார்ப்பதற்கு ஒட்டுறவுக் குணகம் என்ற எண் இருக்கிறது. 0 என்றால் இரண்டுக்கும் தொடர்பே இல்லை, 1 என்றால் அப்படியே ஒத்துப்போகிறது. 1998இல் ஃபிராங்க் ஷ்மிட், ஜோன் ஹன்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்வி, ஒரே புள்ளித் திட்டம் என்று நடக்கிற கட்டமைக்கப்பட்ட இன்டர்வியூவுக்கு 0.51 வந்தது. ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று தொடங்கி வாய்க்கு வந்தபடி போகிற இன்டர்வியூவுக்கு 0.38. 2022இல் போல் சாக்கெட்டும் அவருடன் சேர்ந்தவர்களும் அந்தக் கணக்கில் சில திருத்தங்கள் அளவுக்கு மீறிச் செய்யப்பட்டிருந்ததைக் காட்டித் திரும்பப் பார்த்தபோது, முதலாவது 0.42 ஆகவும் இரண்டாவது 0.19 ஆகவும் இறங்கிவிட்டன.

இந்த எண்ணை அதாலேயே பெருக்கினால், ஆளுக்கு ஆள் திறமையில் உள்ள வித்தியாசத்தில் எவ்வளவு பங்கை இன்டர்வியூ பிடித்திருக்கிறது என்று வரும். நல்லபடி நடத்திய இன்டர்வியூவில் ஏறத்தாழ 18 சதவீதம். வாய்க்கு வந்தபடி நடத்தியதில் 4 சதவீதத்துக்கும் கீழே. மிச்சம் முழுவதும் அதிர்ஷ்டம் என்று அர்த்தமில்லை, கவனம். வேலையில் சேர்ந்தபிறகு யார் மேலதிகாரியாக வருகிறார், எந்த டீமில் போடுகிறார்கள் என்பதெல்லாம் அதற்குள் அடக்கம், அதையெல்லாம் அரை மணித்தியாலப் பேச்சில் யாராலும் பிடிக்க முடியாது. பிடிக்க முடியாது என்பதுதான் இங்கே முக்கியம்.

வெள்ளவத்தைச் சந்தையில் மீன் நிறுக்கிற தராசு ஒன்று கால் கிலோ அங்கே இங்கே பிழைவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கிலோப் பாரையையும் ஒரு கிலோப் பாரையையும் அது சரியாகப் பிரித்துவிடும். 1.45 கிலோவும் 1.5 கிலோவும் பக்கத்தில் கிடந்தால் எது பெரிது என்று அதனால் சொல்லவே முடியாது, ஆனாலும் முள் ஏதோ ஒரு எண்ணில் நிற்கும். இன்டர்வியூவும் இப்படித்தான். வேலைக்குக் கொஞ்சமும் சரிவராதவரைக் கழித்துவிடும். சரிவரக்கூடிய ஐந்து பேரை வரிசைப்படுத்து என்றால், வரிசை ஒன்று வரும், அந்த வரிசைக்குப் பெரிதாக அர்த்தம் இராது.

தற்செயலாக நடந்த ஒரு பரிசோதனை இதற்குச் சாட்சி. 1979இல் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் உள்ள டெக்ஸஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 800 பேரை இன்டர்வியூ செய்து 1 முதல் 800 வரை வரிசைப்படுத்தி, முதல் 350 பேருக்குள் இருந்து 150 பேரைச் சேர்த்துக்கொண்டது. பிறகு இன்னும் 50 பேரை எடுக்கவேண்டும் என்று மாநிலச் சட்டமன்றம் உத்தரவிட்டது. அந்த நேரம் எஞ்சியிருந்தவர்கள் 700க்கும் 800க்கும் இடைப்பட்ட ஆட்கள்தான். அவர்களில் பெரும்பாலோரை வேறு எந்த மருத்துவக் கல்லூரியும் எடுத்திருக்கவில்லை. வேறு வழியில்லாமல் எடுத்தார்கள். பின்னர் படிப்பிலும் வார்டுப் பயிற்சியிலும் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இன்னொன்று 2013இல் வெளியானது, கொஞ்சம் குறும்பானது. மாணவர்களை வைத்தே மாணவர்களை இன்டர்வியூ செய்யவைத்து, அவர்களுடைய பரீட்சைச் சராசரியை ஊகிக்கச் சொன்னார்கள். பதில் சொன்னவர்களில் ஒரு பகுதியினர், கேள்வியில் வரும் எழுத்துகளை வைத்து ஒரு விதிப்படி ஆம், இல்லை என்று கண்மூடித்தனமாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். கேட்டவர்களில் ஒருவர்கூட அதைக் கண்டுபிடிக்கவில்லை. அதைவிட, பழைய புள்ளியை மட்டும் பார்த்து ஊகித்திருந்தால் இன்டர்வியூ செய்து ஊகித்ததைவிடச் சரியாக வந்திருக்கும். முகம் பார்த்து ஆளை எடைபோடத் தெரியும் என்று பெருமைப்படுகிற மேலாளர்கள் எல்லா ஒஃபிஸிலும் இருக்கிறார்கள், அவர்களிடம் இதைச் சொன்னால் கோபம்தான் வரும்.

கெட்டிக்காரர்கள் கூடினால் குலுக்கலும் கூடும்

அதிர்ஷ்டத்தின் பங்கு எல்லாக் கட்டத்திலும் ஒரே அளவாக இருப்பதில்லை, மேலே போகப் போகக் கூடும். கேட்க விசித்திரமாக இருந்தாலும் கணக்கு எளிது.

1. ஒரு வெற்றிடத்துக்கு 300 சீவி வருகிறது என்று வைப்போம். அதில் திறமை வித்தியாசம் மிகப் பெரிது. 100க்கு 20 எடுக்கக்கூடியவரும் இருப்பார், 80 எடுக்கக்கூடியவரும் இருப்பார்.

2. சீவி பார்த்து, ஒன்லைன் பரீட்சை வைத்துக் கழித்த பிறகு எட்டுப் பேர் மிஞ்சுகிறார்கள். இவர்களுடைய உண்மைத் திறமை 70க்கும் 76க்கும் இடையில்.

3. குழுவின் மதிப்பீட்டில் 10 புள்ளி மேலே கீழே பிழை வரும் என்றால், 70 பெறுமதியானவருக்கு 79 விழலாம், 76 பெறுமதியானவருக்கு 68 விழலாம். ஆளுக்கு ஆள் உள்ள ஆறு புள்ளி வித்தியாசத்தைப் பிழை விழுங்கிவிட்டது.

ஆக, மோசமான விண்ணப்பதாரிகள் நிறைந்த இடத்தில் திறமை சுலபமாகத் தெரியும். எல்லோரும் நல்லவர்களாக இருக்கிற இடத்தில்தான் முடிவைப் பனம்பழம் எடுக்கிறது.

இதை ஏற்றுக்கொள்ள நமக்கு ஏன் இவ்வளவு கஷ்டம் என்று யோசித்தால், உயர்தரப் பரீட்சைக்கும் அதில் பங்கு இருக்கும் என்று படுகிறது. நான்கு தசம தானத்துக்கு இசட் புள்ளி அச்சடித்துத் தருகிறார்கள், வெட்டுப்புள்ளிக்கு 0.01 குறைந்து மருத்துவபீடம் போகாமல் விட்டவரை எல்லாக் குடும்பத்துக்கும் தெரியும். அந்தப் பழக்கத்தில், இன்டர்வியூவிலும் எங்கோ ஒரு கோப்பில் நமக்கு ஒரு துல்லியமான எண் போட்டிருப்பார்கள், நாம் அதற்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டோம் என்று கற்பனை செய்கிறோம். அங்கே இருப்பது பெரும்பாலும் மூன்று பேர் கிறுக்கிய குறிப்பும் ‘அந்த இரண்டாவது பெடியன் நல்லம் என்ன’ என்ற பேச்சும்தான்.

பனம்பழம் விழும் இடங்கள்

1. வரிசை. மிகத் திறமாகப் பேசிய ஒருவருக்கு அடுத்து உள்ளே போனால் சாதாரணமானவர் மந்தமாகத் தெரிவார். உளறிவிட்டுப் போனவருக்கு அடுத்ததாகப் போனால் அதே ஆள் பளிச்சென்று தெரிவார்.

2. கேள்வி. பத்துப் பாடம் படித்துவிட்டுப் போகிறீர்கள், நேரம் இருப்பது மூன்று கேள்விக்கு. உங்களுக்கு வராத ஒரே பாடத்தில் இரண்டு கேள்வி விழலாம்.

3. உள்ளே ஏற்கெனவே இருக்கிற ஆள். விளம்பரம் போட்டே ஆகவேண்டும் என்ற நிறுவன விதிக்காகப் போட்ட விளம்பரங்கள் உண்டு, தற்காலிகமாக வேலை செய்கிற ஒருவரை நிரந்தரமாக்குவதற்காக. நண்பன் சொன்ன விளக்கம் சரியாக இருக்கும் இடம் இது. ஆனாலும் அந்த இன்டர்வியூவை வைத்து உங்கள் திறமையைப் பற்றி ஒரு முடிவுக்கும் வரமுடியாது, ஏனென்றால் அங்கே யாரும் அதை அளக்கவே இல்லை.

4. வெற்றிடமே காணாமல் போவது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை இடைநிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. அதற்கு முந்தின மாதத்திலேயே ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனது. அப்படிப்பட்ட மாதத்தில் ஒரு கம்பனி ஆட்சேர்ப்பை நிறுத்தினால், விண்ணப்பித்தவருக்குப் போவது அதே ‘வருந்துகிறோம்’ மெயில்தான். ஸூம் அழைப்பில் பேசிக்கொண்டிருக்கும்போது ரூட்டர் அணைந்தவரை எந்த வகையில் சேர்ப்பது?

5. பாதை. 138 பஸ்ஸில் ஹைலெவல் வீதியால் வருகிறவருக்கு நுகேகொடை நெரிசல். இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணத்தில் இருந்து வெளிக்கிட்டு, விடிய வெள்ளவத்தையில் இறங்கி, தெரிந்தவர் வீட்டில் முகம் கழுவி, கசங்கின ஷர்ட்டைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஒன்பது மணிக்கு உள்ளே போகிறவருக்கு இரவெல்லாம் நித்திரை இல்லை. பம்பலப்பிட்டியில் இருந்து நடந்து வந்தவர் பக்கத்துக் கதிரையில் இருக்கிறார்.

இந்த ஐந்தாவதை அதிர்ஷ்டம் என்று சொல்லலாமா என்பது கேள்விதான். நெரிசல் அன்றன்றைக்கு மாறும். யாழ்ப்பாணம் கொழும்பில் இருந்து கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர் என்பது மாறாது.

அதிர்ஷ்டம் என்று மூடிவிடக் கூடாதவை

இரண்டாவது வகை இங்கே வருகிறது. தமிழ்நாட்டில் பிறந்த பொருளியல் அறிஞர் செந்தில் முல்லைநாதனும் மரியான் பெர்ட்ரானும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், பொஸ்டனிலும் சிக்காகோவிலும் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 போலி விண்ணப்பங்களை அனுப்பினார்கள். எந்த விண்ணப்பத்தில் எந்தப் பெயர் என்பதைக் குலுக்கல் முறையில் போட்டார்கள். வெள்ளையரின் பெயர் போலத் தெரிந்தவற்றுக்குக் கறுப்பினத்தவர் பெயர் போலத் தெரிந்தவற்றைவிட 50 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. இதற்கு அதிர்ஷ்டம் என்று பெயர் வைப்பது பொருந்தாது, பாகுபாடு என்பதுதான் சரியான சொல்.

இலங்கையில் பெயரைப் பார்த்தாலே இனம், சமயம் இரண்டும் பெரும்பாலும் தெரிந்துவிடும். நிரந்தர முகவரி மிச்சத்தைச் சொல்லிவிடும். அதற்கு மேலே மொழி. கொழும்புத் தனியார் கம்பனியில் இன்டர்வியூ ஆங்கிலத்தில் நடக்கும், முன்னும் பின்னும் நடக்கிற பம்பல் சிங்களத்தில் நடக்கும், ‘இவர் நம்மோடு பொருந்துவார்’ என்ற எண்ணம் அந்தப் பம்பலில்தான் உருவாகும். சிங்கள இளைஞர்களே ஆங்கிலத்தைக் ‘கடுவ’ என்பார்கள், வாள் என்று அர்த்தம், ஆளை வெட்டித் தள்ளுகிற வாள். தமிழ் மட்டும் படித்து வந்தவருக்கு முன்னால் இரண்டு வாள் நிற்கிறது.

எந்த வருடம் படித்து முடித்தீர்கள் என்பதும் இதே கணக்கு. பொருளாதாரம் சரிந்த வருடத்தில் பட்டம் பெற்று வெளிவந்த கனடா மாணவர்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு, அவர்களுடைய வருமானம் தொடக்கத்தில் ஏறத்தாழ 9 சதவீதம் குறைவாக இருந்ததையும், அந்தக் குறை முற்றாக மறைய ஏறத்தாழ பத்து வருடம் எடுத்ததையும் காட்டியது. 2022இல் வெளிவந்த பெட்ச்சையும் 2018இல் வெளிவந்த பெட்ச்சையும் ஒப்பிட்டுப் பேசுகிற சித்தப்பாமாருக்கு இதைச் சொல்லலாம்.

எட்டில் ஒன்று என்ற கணக்கு

சரி, அன்றைக்கு மட்டும் உள்ள அதிர்ஷ்டத்தை எடுத்துக்கொள்வோம். கடைசிச் சுற்றில் எட்டுப் பேர், எல்லோரும் ஏறக்குறைய சமம், ஒரு வேலை. ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு எட்டில் ஒரு வாய்ப்பு. எட்டு இன்டர்வியூ போனால் ஒன்றாவது கிடைத்தே தீரும் என்றுதான் மனம் கணக்குப் போடும். உண்மையில் உங்களைப் போன்ற நூறு பேரை எடுத்தால்:

1. முதல் இன்டர்வியூவிலேயே 12 அல்லது 13 பேருக்குக் கிடைத்துவிடும். ஊரில் இவர்களுக்குப் பெயர் கெட்டிக்காரர்.

2. எட்டு இன்டர்வியூ முடிந்தும் 34 பேருக்கு ஒன்றும் கிடைத்திராது.

3. பதினாறு முடிந்தும் 12 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள்.

4. இருபத்துநான்கு முடிந்தும் நான்கு பேர் மிச்சம்.

அந்த நான்கு பேருக்கும் முதல் பன்னிரண்டு பேருக்கும் திறமையில் ஒரு வித்தியாசமும் இல்லை, கணக்கை அப்படித்தான் தொடங்கினோம். ஆனால் இருபத்துநான்கு தடவை விழுந்தவரிடம் போய் இதைச் சொன்னால் நம்பமாட்டார். மனமுடைந்து போயிருப்பார், அந்தச் சோர்வு அடுத்த இன்டர்வியூவில் முகத்தில் தெரியும், அப்போது வாய்ப்பு உண்மையிலேயே எட்டில் ஒன்றைவிடக் குறையும்.

எந்தப் படியில் விழுகிறீர்கள்

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அதிர்ஷ்டத்தின் தலையில் போடவும் முடியாது. ஒரே பிழையைத் திரும்பத் திரும்பச் செய்தாலும் வெளியில் இருந்து பார்ப்பதற்கு இதே மாதிரித்தான் இருக்கும். விழுகிற படியைப் பார்த்துப் பிரிக்கலாம்.

1. நாற்பது சீவி அனுப்பி ஒரு அழைப்பும் இல்லை. இதில் அன்றன்றைய அதிர்ஷ்டம் மிகக் குறைவு. சீவி சரியில்லை, அல்லது கேட்கும் தகுதிக்குப் பொருந்தாத இடங்களுக்கு அனுப்புகிறீர்கள், அல்லது மேலே சொன்ன பெயர், முகவரி விவகாரம். அதே சீவியை இன்னும் நாற்பது இடத்துக்கு அனுப்பிப் பயனில்லை.

2. முதல் சுற்றுக்குக் கூப்பிடுகிறார்கள், எப்போதும் அதோடு நின்றுவிடுகிறது. இங்கே திருத்தக்கூடிய ஏதோ ஒன்று இருக்கும். பல தடவை அது பாட அறிவு இல்லை, சொல்லும் விதம். எதிரில் ஒருவரை இருத்திப் பேசிப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

3. கடைசிச் சுற்று வரை போய் விழுகிறீர்கள், அதுவும் ஒரு தடவைக்கு மேல். தராசால் பிரிக்க முடியாத கூட்டத்துக்குள் வந்துவிட்டீர்கள். இங்கே பெரிதாக எதையும் மாற்றினால் நஷ்டம்தான் வரும். செய்ய இருப்பது எண்ணிக்கையைக் கூட்டுவது.

மூன்றாம் படியில் நிற்பவர்தான் அதிகம் தன்னைக் குத்திக்கொள்கிறார், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனதால். முதல் படியில் நிற்பவர் கோயிலுக்குப் போகிறார்.

காரணம் கேட்டால் என்ன வரும்

ஏன் எடுக்கவில்லை என்று எச்ஆரிடம் மரியாதையாகக் கேட்டுப் பார் என்று புத்தி சொல்வார்கள். கேட்கலாம், பிழையில்லை. ஆனால் வருகிற பதிலை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரிந்திருக்க வேண்டும். 73க்கும் 74க்கும் இடையில் முடிவெடுத்தவர் ‘இரண்டு பேரும் ஒன்றுதான், யாரையாவது எடுக்கவேண்டியிருந்தது’ என்று எழுதித் தரமாட்டார். அனுபவம் போதாது, தலைமைத்துவம் இன்னும் வேண்டும் என்று பின்னால் ஒரு காரணம் தேடி எழுதுவார். அதை நம்பி ஆறு மாதத் தலைமைத்துவக் கோர்ஸ் ஒன்றுக்குப் பணம் கட்டுவது வீண். இறுதிச் சுற்றில் எத்தனை பேர் இருந்தார்கள், உள்ளிருந்தே யாரையாவது எடுத்தார்களா என்று கேட்டால் கொஞ்சமாவது பயன்படுகிற பதில் கிடைக்கலாம்.

சீட்டுக் குலுக்கினால்தான் என்ன

நிறுவனங்களின் பக்கம் செய்யக்கூடியது பெரிய இரகசியம் இல்லை. எல்லோருக்கும் ஒரே கேள்வி, குழுவில் உள்ளவர்கள் கலந்துபேசுவதற்கு முன் தனித்தனியாகப் புள்ளி போடுவது, முடிந்தால் அந்த வேலையில் ஒரு துண்டைச் செய்து காட்டச் சொல்வது. நமது அரச ஆட்சேர்ப்பில் இதற்குப் பாதி வழி ஏற்கெனவே இருக்கிறது. வர்த்தமானி அறிவித்தல்களில் பொது நேர்முகப் பரீட்சை என்று வந்தால் அதற்குப் புள்ளி கிடையாது, சான்றிதழ்களைச் சரிபார்ப்பது மட்டுமே. கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை என்று வந்தால் எந்தத் தலைப்புக்கு எத்தனை புள்ளி என்று முன்கூட்டியே வகுத்திருப்பார்கள். வாசிக்காமல் போகிறவர்கள் நிறையப் பேர்.

தராசு பிரிக்க மறுக்கிற இடத்தில் பேசாமல் சீட்டுக் குலுக்கலாமே என்ற யோசனையும் இருக்கிறது, விளையாட்டாக இல்லை. நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சிச் சபை 2013இல் ஒருவகை ஆய்வு நிதியை, தகுதிபெற்ற விண்ணப்பங்களுக்குள் குலுக்கிக் கொடுக்கத் தொடங்கியது. பிரிட்டிஷ் அகாடமி 2022இல் சிறு நிதிகளுக்கு இதைத் தொடங்கியது. நமக்கு இது புதிதே இல்லை. தமிழ்நாட்டின் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலை முறையை வரி வரியாக விவரிக்கின்றன. வயது 35க்கு மேல் 70க்குள், வரி கட்டுகிற நிலம், கல்வி, முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவராக இருக்கக் கூடாது. இந்தத் தகுதி எல்லாம் பார்த்து முடிந்த பிறகு, மிஞ்சியவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தார்கள். அவர்களில் யார் சிறந்தவர் என்று அளக்க யாரும் மெனக்கெடவில்லை.

அந்த ஊர் ஒரு பிராமணச் சபையின் ஊர், நிலமும் வேதக் கல்வியும் இல்லாதவருடைய ஓலை குடத்துக்குப் பக்கத்திலேயே வந்திராது. கையை விட்டு எடுத்த சிறுவன் பாரபட்சம் காட்டியிருக்க மாட்டான், குடத்தை நிரப்பியவர்கள் காட்டினார்கள். கொழும்புக் கம்பனி ஒன்று நாளைக்கே கடைசி எட்டுப் பேருக்குள் சீட்டுக் குலுக்கத் தொடங்கினாலும், அந்த எட்டுக்குள் யாருடைய சீவி வருகிறது என்பதை முதலாவது ஆளாக உட்கார்ந்து கழிக்கிற அந்த ஒரு எச்ஆர் உத்தியோகத்தர்தான் தீர்மானிப்பார்.